நெற்பயிருக்கு எருவும் உரமும்: கீழ்க்கட்டளை ஏரிக்கரையிலிருந்து ஒரு பாடம்

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் ஆரச் சாலையில் செல்வோர் கீழ்க்கட்டளையைக் கடந்தே போக வேண்டும். முன்னர் செங்கற்பட்டு ஜில்லாவின் ஏரிக் கிராமங்களுள் ஒன்றாயிருந்து, பின்னர் பல்லாவரம் நகராட்சியில் சேர்ந்து, 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்ட ஊர் அது. ஏரி இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் அது நிரம்பி வழியும்போது உபரி நீர் நாராயணபுரம் ஏரியை அடைந்து, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் செல்கிறது. ஆனால் ஏரிநீர் பாய்ந்து விளைவதற்கு நஞ்சை இல்லை. நஞ்சை இருந்த இடத்தில் தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன.

நெற்பயிருக்கு எரு இடுவது பற்றி எழுதப் புகுந்த நாம், நெல்லே விளையாத ஓர் ஊரை எடுத்துக்கொள்வானேன் என்று வாசகர்கள் வினவலாம். காரணம் உண்டு. இயற்கை எருவா, இரசாயன உரமா என்னும் வாதம் நெடுநாளாக நடந்து வருகிறது. அதை ஒவ்வொரு விவசாயியும் தம் வரப்புக்குள்ளேயே தனியாக முடிவு செய்துகொள்ளலாம் என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். ஏரிப் பாசனப் பிரதேசத்தில் அது அவ்வாறன்று. உரமூட்டையை ஒருவர் கடையில் வாங்கிவிடலாம். எருவோ, ஏரியின் வண்டலிலிருந்தும், மேய்ச்சல் தரையில் மேய்ந்த மாட்டிலிருந்தும், புறம்போக்கில் நின்ற மரத்தின் தழையிலிருந்தும் வந்தது. இம்மூன்றும் ஊர்ப்பொது. இவை அழிந்த ஊரில் விவசாயிக்கு மூட்டையைத் தவிர வேறு கதியில்லை. கீழ்க்கட்டளையில் இவற்றோடு வயலும் போய்விட்டது. மதுராந்தகம், உத்திரமேரூர், செய்யூர்ப் பக்கங்களில் வயல் இன்னும் இருக்கிறது. ஆகையால் அப்பகுதிகளின் பஞ்சாயத்து அங்கத்தினர்களோடும் விவசாயிகளோடும் இதைப் பற்றிப் பேச இடமிருக்கிறது.

முதலில் பயிரின் தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் நெல் விளைய, பயிர் நிலத்திலிருந்து ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. ஏக்கருக்கு 2 டன் மகசூல் எதிர்பார்க்கும் விவசாயி 30 முதல் 40 கிலோ தழைச்சத்துக்கு வழி தேட வேண்டும். நன்கு மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து இருப்பதாகக் கொண்டால், ஏக்கருக்கு 5 டன், அதாவது சுமார் பத்து வண்டி, எரு அடித்தால் 25 கிலோ சேரும். ஆயினும் அத்தனையும் அவ்வாண்டுப் பயிருக்கு உதவுவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் முதற் போகத்திற்குக் கிட்டும். மற்றது மெல்ல மெல்லப் பின்வரும் போகங்களுக்குக் கிடைக்கும்.

இனி, அந்தப் பத்து வண்டி எருவுக்கு எங்கே போவது? ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் இடுவதாக வைத்துக்கொண்டால் வருஷத்திற்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல் வரும். மக்கியபின் அதில் பாதிதான் மிஞ்சும். ஆக, ஏக்கருக்கு மூன்று மாடுகளாவது வேண்டும். அதுவும் ஒரு கூடைச் சாணம்கூட வறட்டிக்குப் போகாமலிருந்தால்தான். டிராக்டர் வந்து உழவு மாடுகள் குறைந்துவிட்ட நம் கிராமங்களில் இக்கணக்கு எங்கே சரிப்படும் என்பதை வாசகர்களே அறிவார்கள். எரு ஒன்றே போதும் என்று மேடையில் பேசுவோர் இந்தக் கூட்டல் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.

இதனால் எரு வேண்டாம் என்று ஆகிவிடாது. எருவைத் தழைச்சத்துக் கணக்கில் மட்டும் நிறுப்பது பெருந்தவறு. இரசாயன உரம் பயிருக்கு உணவு. எரு மண்ணுக்கு உணவு. மக்கிய பொருள் மண் துகள்களைப் பிணைக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது, இட்ட உரம் நீரோடு கீழே இறங்கிவிடாமல் தாங்கிக்கொள்கிறது. செங்கற்பட்டுப் பகுதியில் பெரும்பாலும் மணல் கலந்த செம்மண். கடற்கரையை நெருங்க நெருங்க மணற்பாங்கு மிகும். இத்தகைய மண்ணில் எருவில்லாமல் யூரியா இடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் மொள்வதற்கு ஒப்பாகும். மேலும், நம் நாட்டு வெயிலில் மக்கு விரைவில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. குளிர் நாடுகளில் ஒருமுறை சேர்ந்த மக்கு நெடுங்காலம் நிற்கும். இங்கே வருஷந்தோறும் புதுப்பித்தாக வேண்டும்.

இவை புதிதாகக் கண்டறிந்தவை அல்ல. கீழ்க்கட்டளைக்கு வடக்கே சில மைல் தொலைவிலுள்ள சைதாப்பேட்டையில் 1868ஆம் ஆண்டு விவசாயப் பள்ளி ஒன்று தோன்றியது. அதுவே 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. இந்திய விவசாயத்தைப் பார்வையிட வந்த வோல்க்கர் என்னும் ஆங்கில ரசாயன நிபுணர் 1893இல் வெளியான தம் அறிக்கையில், வயலுக்குப் போக வேண்டிய சாணம் அடுப்புக்குப் போவதைக் குறித்து விரிவாக எழுதினார். விறகு கிடைக்காத இடத்தில்தான் சாணம் எரிகிறது என்பதையும், ஆகவே விறகுக்காக மரம் வளர்த்தாலன்றி எரு மிஞ்சாது என்பதையும் அவர் கண்டார். குடியானவரின் அறியாமை என்று பழி சுமத்தாமல் காரணத்தைத் தேடியதால்தான் அவ்வறிக்கையை இன்றும் எடுத்துப் படிக்கிறோம்.

அதே 1906இல் பாரி கம்பெனியார் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் தொழிற்சாலையைத் தொடங்கினர். 1971இல் மணலியில் யூரியா உற்பத்தி ஆரம்பமாயிற்று. இவற்றுக்கிடையே கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனை வயல், ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ஒரே விதமான எருவையோ உரத்தையோ இட்டு விளைவைக் குறித்துவைக்கும் வேலையை நூறாண்டுகளுக்கு மேலாகச் செய்துவருகிறது. 1970 முதல் நாட்டின் பல இடங்களில் இத்தகைய நெடுங்காலப் பரிசோதனைகள் அமைக்கப்பட்டன. அவை பொதுவாகக் காட்டும் முடிவு ஒன்றே. தழைச்சத்து உரத்தை மட்டும் இட்ட பாத்திகள் முதலில் செழித்துப் பின்னர் தளர்கின்றன. மூன்று சத்துக்களையும் அளவோடு இட்டவை நிலைத்து நிற்கின்றன. அம்மூன்றோடு தொழு உரமும் சேர்த்து இட்டவை எல்லாவற்றிலும் மேலாக விளைகின்றன.

ஒரு பக்கமாகச் சாய்ந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் அண்டை நாடே சாட்சி. இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. அதற்கு ஈடான எரு நாட்டில் இல்லை. தயாரிக்கக் கால அவகாசமும் தரப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஆயினும் அதற்குள் பெரும்போக நெல் சாகுபடி பாதிக்கப்பட்டு, அரிசியை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் நிலை ஏற்பட்டது. எரு தீயது என்பது இதன் பொருளன்று. எருவை ஓர் உத்தரவால் உண்டாக்க முடியாது. அதற்குப் பல ஆண்டு முன்னதாக மாடும் மரமும் வண்டலும் ஊரில் இருக்க வேண்டும்.

மறுபக்கம் சாய்ந்தால் வரும் கேட்டை நாமே அன்றாடம் பார்க்கிறோம். யூரியாவை அள்ளி வீசினால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். பார்ப்பவர் புகழ்வார்கள். பிறகு குலைநோயும் புகையானும் வந்து சேரும். கதிர் முற்றும் தருணத்தில் சிறு காற்றுக்கே பயிர் சாய்ந்துவிடும். இதற்கு விவசாயியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. யூரியாவின் விலை சட்டப்படி குறைவாகக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 2010 முதல் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களுக்கு மட்டும் வேறு வகையான மானிய முறை வந்து, அவற்றின் விலை பெரிதும் ஏறியது. மலிவானதை மிகுதியாகவும் விலையேறியதைக் குறைவாகவும் வாங்குவது மனித இயல்பு. உரக்கடையில் சொல்லும் அளவே வேதவாக்காகிவிட்ட ஊர்களும் உண்டு.

அப்படியானால் சரியான அளவு எது? மண் பரிசோதனை செய்து, அதன்படி இடுவதே முறை. பரிசோதனை முடிவு கைக்கு வராத நிலையில், குறுகிய கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுச் சிபாரிசு. இதை ஏக்கருக்கு மாற்றினால் முறையே 48, 16, 16 கிலோ ஆகும். கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா 104 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 100 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ. சூப்பருக்குப் பதிலாக டி.ஏ.பி. இடுவோர் 35 கிலோ இட்டால் மணிச்சத்து சரியாகிவிடும். அதில் ஆறு கிலோவுக்கு மேல் தழைச்சத்தும் இருப்பதால் யூரியாவில் 14 கிலோ குறைத்துக்கொள்ள வேண்டும். பலர் குறைப்பதில்லை.

சூப்பர் முழுவதையும் கடைசி உழவில் இட்டுவிடலாம். யூரியாவையும் பொட்டாஷையும் ஒரே தடவையில் கொட்டலாகாது. அடியுரமாகவும், தூர் கட்டும் தருணத்திலும், கதிர் உருவாகும் தருணத்திலும், கதிர் வெளிவரும் தருணத்திலுமாக நான்கு சம பங்காகப் பிரித்து இட வேண்டும். இடுமுன் வயலில் நீரை வடித்துச் சேற்றில் மெல்லிய ஈரம் மட்டும் இருக்கச் செய்து, இட்ட ஓரிரு நாளுக்குப் பின் நீர் கட்டுவது அவசியம். தேங்கிய நீரில் யூரியாவை வீசினால் அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். வேப்பம் பிண்ணாக்கை ஐந்துக்கு ஒன்று என்ற அளவில் கலந்து ஓர் இரவு வைத்திருந்து இடுவது நம் முன்னோடி விவசாயிகளின் வழக்கம். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா வேப்பெண்ணெய் பூசியே வருவதால் இத்தொல்லை ஓரளவு குறைந்திருக்கிறது.

மேலுரம் எப்போது தேவை என்பதை அறிய இலை வண்ண அட்டை என்ற எளிய சாதனம் இருக்கிறது. நட்ட பதினான்காம் நாள் முதல் வாரம் ஒருமுறை பத்துப் பயிர்களின் இளம் இலையை அட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு, நான்காம் எண் பச்சைக்குக் கீழே வெளுத்திருந்தால்தான் யூரியா இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண்ணே போதுமானது. நம் நிழல் இலைமேல் விழும்படி நின்று, நேர் வெயில் படாமல் பார்ப்பது முறை. இந்த அட்டையைப் பின்பற்றுவோர் முன்சொன்ன நான்கு தவணைகளை விட்டுவிட்டு இலை கேட்கும்போது மட்டும் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா இடலாம். துத்தநாகக் குறைவுள்ள நிலத்தில் பயிர் நட்ட சில வாரங்களில் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறி நின்றுவிடும். அங்கே யூரியா எவ்வளவு இட்டும் பயனில்லை. ஏக்கருக்குப் பத்துக் கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவினால் போதும். அதைச் சூப்பரோடு சேர்த்து இடக்கூடாது.

எருவின் பக்கத்திற்கு வருவோம். இங்கேதான் நம் ஊர்களில் சீர்கேடு மிகுதி. கொட்டகைக்கு வெளியே திறந்தவெளியில் குவித்த சாணக் குப்பை கோடையில் காய்ந்து, மழையில் கரைந்து, வயலுக்குப் போகும்போது வெறும் சக்கையாகிறது. மாட்டின் கோமியத்தில் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் நிறைந்திருக்க, அதைத் தெருச் சாக்கடையில் ஓடவிடுகிறோம். மூன்றடி ஆழக் குழியில், மர நிழலிலோ சிறு கூரைக்கடியிலோ, கோமியம் ஊறிய கூளத்தைச் சாணத்தோடு அடுக்கி, நிரம்பியபின் மண்ணும் சாணமும் குழைத்து மெழுகி மூடினால் மூன்று நான்கு மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். மக்காத வைக்கோலையோ குப்பையையோ அப்படியே சேற்றில் மிதித்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைப்பதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும், இளம்பயிர் வெளுக்கும். எரு போட்டும் பயிர் மஞ்சளாயிற்றே என்று சிலர் மனம் வெறுத்துவிடுவது இதனால்தான்.

சாணம் போதாத இடத்தில் பசுந்தாள் உரமே கைகொடுப்பது. தக்கைப்பூண்டு, சணப்பு, கொழுஞ்சி, மணிலா அகத்தி ஆகியவற்றில் ஏரிப்பாசன நஞ்சைக்குத் தக்கைப்பூண்டு மிகவும் ஏற்றது. உவரையும் தேங்கு நீரையும் ஓரளவு தாங்கும். ஏக்கருக்கு 20 கிலோ விதை விதைத்து, 45 நாளில் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை மட்க விட்டு நடலாம். நன்றாக வளர்ந்த பயிரிலிருந்து ஏக்கருக்கு 8 டன் பசுந்தழைகூடக் கிடைக்கும். அவ்வாறு கிடைத்தால் யூரியாவில் பாதியளவைக் குறைத்துக்கொள்ள இயலும். சூப்பரில் ஒரு பகுதியைத் தக்கைப்பூண்டுக்கே இட்டுவிட்டால் அதன் வேர் முடிச்சுகள் பெருகி, இட்ட மணிச்சத்தும் பின்னர் நெல்லுக்கே வந்து சேரும். எருவும் உரமும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நாம் அறியோம்.

தக்கைப்பூண்டுக்கு வேண்டுவது 45 நாள் ஈரமும், ஆடுமாடு மேயாத காவலும். ஒருவர் மட்டும் விதைத்தால் ஊர் மாடுகளெல்லாம் அங்கேதான் வாய் வைக்கும். ஒரு மதகின் கீழுள்ள அனைவரும் ஒரே வாரத்தில் விதைத்தால் மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது சுலபம். இது பஞ்சாயத்து கூடித் தீர்மானிக்க வேண்டிய காரியம். தனி விவசாயியால் ஆகாது. 2024–25இல் அரசு தொடங்கிய மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்தில் பசுந்தாள் விதைக்கு மானியம் வழங்கப்பட்டது. இத்தகைய உதவிகளை ஊர் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே கேட்டுப் பெறுவது பஞ்சாயத்துத் தலைவருக்கு எளிது.

வண்டலும் அவ்வாறே. ஏரி வண்டலில் களியும் மக்கும் கலந்திருப்பதால் மணற்பாங்கான நிலத்துக்கு அது எருவாகவும் மருந்தாகவும் உதவும். நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியப் பொறுப்பிலும், பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பிலும் இருக்கின்றன. விவசாயத்துக்காக வண்டல் எடுக்க வருவாய்த் துறையின் அனுமதி தேவை. ஏரியும் ஆழப்படும், நிலமும் வளப்படும். ஆயினும் ஒரு எச்சரிக்கை. வண்டல் என்ற பெயரில் கரையடியிலும் மதகருகிலும் தோண்டி மண்ணைச் செங்கல் சூளைக்கும் மனைக்கும் ஏற்றிச் செல்வோர் உண்டு. எங்கே, எவ்வளவு ஆழம், யாருடைய வயலுக்கு என்பதை எழுதி ஊர்ச்சாவடியில் ஒட்டிவைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

கீழ்க்கட்டளையைப் போல வீடுகள் சூழ்ந்த ஏரிகளுக்கு மற்றோர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. வீட்டுச் சாக்கடையும் பட்டறைக் கழிவும் கலந்த ஏரியின் சேறு பார்வைக்குக் கறுத்து, வளமான வண்டலைப் போலவே தோன்றும். பரிசோதிக்காமல் அதை நெல் வயலுக்குக் கொண்டுபோகக் கூடாது. மாநகரக் குப்பையிலிருந்து வரும் எருவும் அப்படித்தான். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில் பெருங்குடியில் பல்லாண்டாகக் கொட்டிய குப்பையில் சமையல் கழிவோடு பேட்டரி, பெயிண்ட், கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றாய்க் கலந்திருந்தன. அவ்வாறு கலந்ததைப் பின்னால் சலித்துப் பிரித்தாலும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் எருவில் தங்கிவிடக்கூடும். வீட்டு வாசலிலேயே மக்குவதையும் மக்காததையும் தனித்தனியே வாங்கும் ஊரில்தான் குப்பை எருவாகும். நம் கிராமங்களின் தூய்மைக் காவலர்கள் செய்யும் வேலை அந்த வகையில் விவசாய வேலையே.

வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என்று நகரம் தெற்கே நடந்துவருகிறது. நகரம் நெருங்கும் ஊரில் முதலில் விலை போவது வயலன்று. மேய்ச்சல் புறம்போக்கும் களமும் ஏரி உட்புறமும் ஆக்கிரமிப்புக்கு உள்ளாவதே முதல் அடையாளம். அப்போது எவரும் கவலைப்படுவதில்லை, ஏனெனில் அது யாருடைய பட்டாவும் அன்று. சில ஆண்டுகளில் மாடு வைத்திருப்பவர் விற்றுவிடுகிறார். தழைக்கு மரமில்லை. வண்டலுக்கு வழியில்லை. மூட்டைச் செலவு ஏறுகிறது, மகசூல் ஏறவில்லை. நிலத்துக்குத் தரகர் வரும்போது விவசாயி வேண்டாமென்று சொல்வதற்குக் காரணம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

ஆகவே மேய்ச்சல் தரை, களம், ஏரி உள்வாய், வரத்துக் கால்வாய் ஆகியவற்றின் சர்வே எண்ணையும் பரப்பையும் கிராமக் கணக்கிலிருந்து எடுத்தெழுதி, அளந்து கல் நடச்செய்வது பஞ்சாயத்தின் உரவேலைகளுள் முதலாவது என்பது நம் கருத்து. ஏரிக்கரைச் சரிவை விட்டு, வண்டிப் பாதையோரங்களிலும் புறம்போக்கிலும் வேம்பும் புங்கமும் பூவரசும் வைக்கலாம்; வரப்புகளில் கிளைரிசிடியாக் கழிகளை மழைக்கு முன் ஊன்றினால் இரண்டாண்டில் தழை வெட்டலாம்.

சம்பா நாற்றுக்கு ஆடியில் விதை விடும் ஊர்களில், தக்கைப்பூண்டு ஆனியில் முளைத்திருக்க வேண்டும். அதற்கான விதை வைகாசியில் கைக்கு வர வேண்டும். வண்டல் எடுக்க ஏரி காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியே தருணம். அனுமதி மனு அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். மண் மாதிரியை அறுவடை முடிந்து வயல் காய்ந்தவுடன், உரமோ எருவோ இடுவதற்கு முன், ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரையடி ஆழத்துக்கு எடுத்துக் கலந்து, அரைக் கிலோ அனுப்பினால் போதும். இந்த மூன்று வேலைகளையும் பங்குனி மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எழுதிவிடலாம்.